மே மாதத்தில் ஹீட்டர் போட்டு ஓட்டிய வேன்

இது நடந்தது 2002-ம் வருடம், ஹைதராபாத்தில், மே மாதக் கடைசியில். அந்த ஊர் மே மாதத்தை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கே ஸ்டியரிங்கைத் தொட்டால் கை சுடும்.

நாங்கள் மதுரைக்காரர்கள். கணவருக்கு சாஃப்ட்வேர் வேலை கிடைத்து, சைனிக்புரியில் ஒரு ரிட்டயர்டு ராணுவ அதிகாரியின் வீட்டு மாடியில் குடியேறியிருந்தோம். ஊர் பழகி, மகள் எங்கள் தமிழுக்கு ஹிந்தியில் பதில் சொல்ல ஆரம்பித்த நேரத்தில், அமெரிக்க ஆர்டர்கள் நின்றுபோய் அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அவர் தினமும் காலையில் ஷேவ் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். அதைப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

எதிர் வீட்டில் ஒரு திருநெல்வேலிப் பெண் இருந்தாள். கச்சிபௌலியில் ஒரு கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் வண்டிகளில் வாரம் ஒன்று வழியில் நின்றுவிடும். டிரைவர்கள் ஓட்டும் வேகமோ பயமுறுத்தும். ஒருநாள் அவள் என்னிடம், "அக்கா, நீங்க ஊர்ல வேன் ஓட்டுனேன்னு சொன்னியள்லா? எங்க ஆபீஸ்ல பொம்பளை டிரைவர் கிடைச்சா நல்லாருக்கும்னு பேசிக்கிடுதாங்க" என்றாள்.

ஓட்டியது உண்மைதான். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனின் கேட்டரிங் வேனில் இட்லிப் பாத்திரமும் சாம்பார் அண்டாவும் ஏற்றிக்கொண்டு மதுரையைச் சுற்றியவள் நான். கணவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவரும் நிறுத்திக்கொண்டார். என் வளையல்கள் ஒரு பழைய வெள்ளை வேனாக மாறின. மஞ்சள் நம்பர் பலகை, டிரைவர் பேட்ஜ் எல்லாம் வாங்க அலைந்தது தனிக் கதை.

வண்டியை விற்றவர், "இப்போதான் எல்லாம் மாத்தினேன், டென்ஷன் நக்கோ", கவலையே வேண்டாம், என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வீட்டு வாசலில் நிறுத்தி, இஞ்சின் ஆறியதும் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். கறுப்பாக, கெட்டியாக, அல்வா பதத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே கூலன்ட்டே இல்லை. யாரோ போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி, துருப்பிடித்துச் செம்மண் குட்டையாக இருந்தது. பிரேக் ஆயில் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். இது டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது.

நேரேட்மெட்டில் இருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றச் சொன்னேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "கைக்கு அம்மா, காலிபீலி கர்ச்சா?" என்றார். எதற்கு வீண் செலவு, மேலாகக் கொஞ்சம் ஆயில் ஊற்றினால் போதும் என்பது அவர் கட்சி. என் கணவரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்.

"ஓடிக்கிட்டுத்தான இருக்கு? ஒரு மாசம் ஓட்டிட்டு மாத்திக்கலாம்ல."

"ஏங்க, வித்தவன் சொன்னதை நம்பவா, நான் கண்ணால பாத்ததை நம்பவா?"

எனக்கு அந்தப் பிடிவாதம் வந்ததற்குக் காரணம் உண்டு. என் அண்ணனும் ஆயில் மாற்றுவதை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே தள்ளிக்கொண்டு போனவன்தான். ஒரு முகூர்த்த நாளில், கல்யாணச் சாப்பாடு முழுவதும் வண்டிக்குள் இருக்க, திருமங்கலம் தாண்டியதும் இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இலை போட்டுக் காத்திருந்த பந்திக்கு நாங்கள் போய்ச் சேரவே இல்லை. அதன்பிறகு அண்ணனுக்கு ஒரு வருடம் யாரும் கல்யாண ஆர்டர் கொடுக்கவில்லை. அந்த வேனில் நானும் இருந்தேன். அந்த நாள் எனக்கு மறக்காது.

கடைசியில் நான் சொன்னதுதான் நடந்தது. இஞ்சின் ஆயில், ஃபில்டர், கியர் ஆயில், பிரேக் ஆயில் எல்லாம் மாறின. ரேடியேட்டரைத் தண்ணீர் தெளிந்து வரும்வரை கழுவி, சரியான கூலன்ட் ஊற்றினோம். கணவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தவர், திடீரென்று கூப்பிட்டார். "இங்க பாரு. தூசி, வெயில், நின்னு நின்னு போற டிராஃபிக்னா, ஆயிலைப் பாதித் தூரத்துலயே மாத்தணுமாம். நம்ம ரூட்டைப் பாத்து எழுதுன மாதிரில்ல இருக்கு!" அன்றிலிருந்து வண்டியின் எண்ணெய், தண்ணீர் இலாகா அவருடையது. காலையில் நான் குளித்து வருவதற்குள் எல்லாவற்றையும் பார்த்துத் துடைத்து வைத்திருப்பார். அந்த நல்ல சட்டைக்குப் பதில் பனியனும் லுங்கியுமாக, விரலில் கறையோடு நிற்பவரைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கம்பெனியில் வண்டிகளைக் கவனித்த மேனேஜர் மரியாதையான மனிதர். ஆனால் அவருக்கு என்மேல் நம்பிக்கையில்லை. ஒரு மாதம் ஓட்டிக் காட்டுங்கள், ஒருநாள் தாமதமானாலும் தான் மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார். அந்த மாதம் முடியப்போகும் சமயத்தில்தான் அந்த நாள் வந்தது.

அன்று காலை திருநெல்வேலிப் பெண்ணின் டீம், ஒரு வருடமாகச் செய்த வேலையை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வீடியோ கான்ஃபரன்சில் செய்து காட்ட வேண்டும். பிடித்துப்போனால் வேலை தொடரும். இல்லையென்றால் டீமையே கலைத்துவிடுவார்கள் என்று பேச்சு. வேலை போன வீடு எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பெண்ணையும் இன்னும் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு சீக்கிரமே கிளம்பினேன்.

பேகம்பேட் வந்தபோது சாலையோரம் ஒரு பெரிய ஜீப் பானட்டைத் திறந்து, ஆவி கக்கிக்கொண்டு நின்றது. அதே கம்பெனிக்கு ஓடும் வேறொருவரின் வண்டி. பக்கத்தில் மூன்று பெண்கள் வெயிலில் நின்று கையை ஆட்டினார்கள். அதில் ஒருத்தி அந்த டீமின் லீடர், தெலுங்குப் பெண். நெஞ்சோடு ஒரு பையை அணைத்திருந்தாள். காட்ட வேண்டிய புரோகிராம் இருந்த சிடி எல்லாம் அதில்தான். என் வேனில் இடமிருந்தது. ஏற்றிக்கொண்டேன். "அக்கா, காட் ப்ராமிஸ், நீங்கதான் தெய்வம்" என்றாள். தெய்வத்துக்குச் சோதனை பஞ்சகுட்டாவில் காத்திருந்தது.

ஏதோ வி.ஐ.பி. வருகிறார் என்று எல்லாப் பக்கமும் நிறுத்திவிட்டார்கள். நகரவே இடமில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியது. வண்டி நிற்கும்போது ரேடியேட்டரைக் குளிர வைக்கும் விசிறி சர்ரென்று சுற்ற வேண்டும். அந்தச் சத்தம் கேட்கவில்லை. சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன். பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

எங்கள் வேனில் இஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். கொதித்தால் இஞ்சின் போய்விடும். இஞ்சின் போனால் என் வளையல்கள், காண்ட்ராக்ட், பின்னால் உட்கார்ந்திருக்கும் ஏழு பேரின் வேலை எல்லாம் ஒன்றாகப் போகும். ஆனால் மனசுக்குள் ஒன்று தெளிவாக ஓடியது: உள்ளே இருப்பது குட்டைத் தண்ணீர் இல்லை, நல்ல கூலன்ட். அது அத்தனை சீக்கிரம் கொதிக்காது. ஆயிலும் புதுசு. எனக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது.

"எல்லா ஜன்னலையும் முழுசாத் திறங்க" என்று சொல்லிவிட்டு, ஹீட்டரை முழு வேகத்தில் போட்டேன்.

ஹைதராபாத்தில் டிசம்பரில்கூட யாரும் தொடாத பட்டன் அது. அடுப்படியைத் திறந்த மாதிரி குபீரென்று அனல் காற்று அடித்தது. பின்னாலிருந்து ஒரே கூச்சல்.

"ஹீட்டரா? அக்கா, மே மாசத்துலயா?"

"இஞ்சின் சூட்டைத்தான் இது உள்ள இழுத்துக் கொட்டுது. நமக்கு வேர்த்தா அதுக்குக் குளிரும். கொஞ்சம் பொறுத்துக்குங்கம்மா!"

டீம் லீடர், இறங்கி ஆட்டோ பிடிக்கலாம் என்றாள். சுற்றிலும் பார்த்தாள். ஆட்டோக்களும் எங்களோடு சேர்ந்துதான் நின்றுகொண்டிருந்தன. வலப்பக்கம் ஒரு பளபளப்பான காரிலிருந்து ஆவி கிளம்பியது. "நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் அக்கா" என்று உட்கார்ந்துவிட்டாள். ஐ.டி. கார்டால் எல்லோரும் விசிறிக்கொண்டார்கள். முள் ஏறுவது நின்றது. ஆனால் இறங்கவில்லை. சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே அப்படியே நடுங்கிக்கொண்டு நின்றது.

முன்னால் வண்டிகள் ஓர் அடி நகரும், நிற்கும். இஞ்சினை ஓடவிட்டால் சூடு சிவப்பைத் தொட்டுவிடும், ஒவ்வொரு தடவையும் இயக்கி நிறுத்துவதும் சரிப்படாது என்று தோன்றியது. இஞ்சினை அணைத்துவிட்டேன். சமதளம்தான். திரும்பிப் பார்த்து, "தள்ளுவீங்களா?" என்றேன்.

டீம் லீடர்தான் முதலில் குதித்தாள். சிடி பையை என் மடியில் போட்டுவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். மற்றவர்களும் இறங்கினார்கள். முக்கியமான நாள் என்று பட்டுப்புடவை கட்டி வந்திருந்த ஒருத்தி, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். பஞ்சகுட்டா நடுரோட்டில் ஏழு பெண்கள் என் வேனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பைக்கில் வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருவர் இறங்கி வந்து தோள் கொடுத்தார். இன்னொருவர் முன்னால் போய் வழி விலக்கினார். "ஹவ் ஹவ், சலோ சலோ!" என்று யாரோ ஹிந்தியில் உற்சாகமாகக் கத்த, பின்னாலிருந்து வந்த ஹாரன் சத்தமெல்லாம் மேளம் மாதிரி ஆகிவிட்டது. நான் பவர் இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

போலீஸ் கையைக் காட்டியது. எல்லோரும் ஓடிவந்து ஏறினார்கள். சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது! வண்டி வேகமெடுக்க, எதிர்க்காற்று ரேடியேட்டரில் பட, முள் மெல்ல மெல்ல இறங்கியது. அதைப் பார்த்துத் திருநெல்வேலிப் பெண் கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி அறிவித்துக்கொண்டே வந்தாள். ஜூபிலி ஹில்ஸ் மேட்டில் மறுபடி கொஞ்சம் ஏறியது. சின்ன கியரில், அவசரப்படாமல், ஹீட்டரை அணைக்காமல் ஏற்றினேன். மாதாப்பூரைத் தாண்டியதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

கச்சிபௌலி கேட்டில் மேனேஜர் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேன் கதவு திறந்ததும், மழையில் நனைந்த மாதிரி வேர்வையில் நனைந்த ஏழு பெண்கள் இறங்கி உள்ளே ஓடினார்கள். அவர் எட்டிப் பார்த்தார். முகத்தில் அனல் அடித்ததும் பின்னால் சாய்ந்தார். "ஏன்டம்மா இதி?" என்று, என்னம்மா இது என்பதைத் தெலுங்கில் கேட்டார். சொன்னேன். உடனே உள்ளே போய், தானே ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மதியம் டீம் லீடர் கீழே இறங்கி வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தூரத்திலிருந்தே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பிராஜெக்ட் அவர்களுக்கே. அதோடு நிற்காமல், இனிமேல் எங்களுக்கு இந்த வண்டிதான் வேண்டும் என்று டீமே சேர்ந்து மேனேஜரிடம் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே அவர் என்னைக் கூப்பிட்டு, ட்ரையல் முடிந்தது மேடம், இன்னொரு வண்டி போட முடியுமா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் வண்டிக்கு அடியில் புகுந்தார். விசிறிக்குப் போகும் வயர் உரசி உரசி அறுந்திருந்தது. மறுநாள் மெக்கானிக்கிடம் மாற்றப் போனபோது, நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் தலையை ஆட்டினார். "ஹவ் அம்மா, சாதா பானி ரஹதா தோ இஞ்சின் கதம்" என்றார். வெறும் தண்ணீராக இருந்திருந்தால் இஞ்சின் கதை முடிந்திருக்கும் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமையை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

அடுத்த வருடமே அவருக்கு வேறு வேலை கிடைத்தது. என் ஒரு வேன் இரண்டாகி, பிறகு ஒரு வரிசையானது. ஓட்டுபவர்கள் எல்லோரும் பெண்கள். புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் பாடம் கியர் இல்லை, ஆயில் கம்பிதான். கையேட்டில் போட்டிருக்கும் தூரம் நல்ல சாலைக்கு. நம் நெரிசலுக்கும் தூசிக்கும் அதில் பாதி. வண்டி ஓடாமல் நின்றாலும் ஆறு மாதத்தில் ஆயிலை மாற்றிவிடு. கூலன்ட்டும் பிரேக் ஆயிலும் நன்றாக இருப்பது போலவே தெரியும், அதை நம்பாதே, இரண்டு வருடத்துக்குமேல் விடாதே. இதை நான் சொல்லும்போது சிலர் கொட்டாவி விடுவார்கள். பஞ்சகுட்டா கதையைச் சொன்னதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நான் அதிர்ஷ்டக்காரி என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் எல்லோரும் வேண்டாம் என்றபோதும் நான் கண்ணால் பார்த்ததை விட்டுக்கொடுக்காமல் நின்றதுதான், அன்று நட்டநடு ரோட்டில் என்னையும் அந்தப் பெண்களையும் கரை சேர்த்தது என்பது எனக்குத் தெரியும். இன்றும் ஒரு முடிவெடுக்க மனசு தயங்கினால், அந்தத் தெம்புதான் என்னை முன்னால் தள்ளிவிடுகிறது.