சித்தப்பா நடித்த இளவரசி

எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு வருடம் ஒரு நாடகம் உண்டு. பெண்கள் மேடையேறுவதைச் சாமியார் அனுமதிக்கமாட்டார். ஆகவே அரசி, தாதி, சிறகு வைத்த சம்மனசு எல்லாருமே ஆண்கள்தாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, இளவரசி வேடம் எங்கள் சித்தப்பாவுக்குக் கிடைத்தது. அப்பாவின் தம்பி அவர். கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல். அப்போதுதான் அடர்ந்துவந்த மீசையை எடுக்க வேண்டியிருந்தது ஒன்றுதான் அவருக்கு வருத்தம்.

பழைய சீமை நாடகம் ஒன்றைக் கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார் தமிழில் ஆக்கியிருந்தார். முதல் காட்சியில் இளவரசி விளையாட்டுப் பிள்ளை. ராஜா எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள். கடைசிக் காட்சியில், பகை நாட்டு மன்னனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்துச் சமாதானமாகிவிட ராஜா முடிவெடுப்பார். அவள் மறுப்பாள். மாப்பிள்ளை ஊர்வலம் வாசலுக்கு வருமுன் நஞ்சைக் குடித்துச் செத்துப்போவாள்.

அம்பிட்டியாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பலாமரத்தடியில் சித்தப்பா ஒத்திகை பார்ப்பார். நாடகக் கொப்பியைப் பார்த்து ராஜாவின் வசனத்தை வாசிப்பது நான். முதல் காட்சி அவருக்குச் சுலபமாக வந்துவிட்டது. காரணம் எங்கள் அக்கா. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அவளுக்கு வயது பதினாறு. அப்பா ஏதாவது சொன்னால் பின்னல் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, "சரிங்கப்பா" என்று இழுப்பாள். சித்தப்பா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். தோளில் கிடந்த துவாயையே பின்னலாகச் சுற்றி அவர் இழுத்ததைப் பார்த்து அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே பலாமரத்தடிக்கு வந்து, கை வைத்த இடம் பிழை என்று திருத்தினாள்.

கடைசிக் காட்சிதான் வரவில்லை. "மாட்டேன்" என்ற ஒரு சொல்லை அவர் ஏலக்காரன் மாதிரிக் கத்தினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

அக்காதான் சொன்னாள். "அவ ஏன் கத்தணும் சித்தப்பா? மொதல்ல அவ அப்பா முகத்தப் பாக்குறது, என்ன பதில் சொன்னா அவருக்குப் புடிக்கும்னு தெரிஞ்சுக்க. கடைசியிலயும் பாக்குறாதான். ஆனா இப்ப பதில் அவகிட்டயே இருக்கு."

"அத எப்படி நடிக்கிறது?"

அக்கா யோசித்தாள். "தெரியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எங்கள் வீட்டில் அப்பாவிடம் யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. பார்த்துப் பழகச் சித்தப்பாவுக்கு ஆள் இல்லை.

திருவிழாவுக்குப் பத்து நாளிருக்க, கெலிஓயாவிலிருந்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கடை வைத்திருந்தவர்கள். மாப்பிள்ளைக்கு முப்பது வயதுக்கு மேல். அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். எதையும் எழுதி முடித்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் காட்டும் பழக்கம். இதையும் அப்படித்தான் செய்தார். மத்தியானச் சாப்பாட்டில், திருவிழா முடிந்ததும் நிச்சயம் என்றும், பள்ளிக்கூடத்துக்கு இனிப் போக வேண்டாம் என்றும் சொன்னார்.

அக்கா சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். அகப்பையைச் சத்தமில்லாமல் சட்டியில் வைத்தாள். அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"நான் மாட்டேங்கப்பா. படிச்சு டீச்சராகணும்."

குரல் உயரவில்லை. பின்னலைத் தொடவில்லை. அம்மா, "என்னடி பேச்சு இது?" என்றாள். அப்பா அக்காவையே பார்த்தார். பிறகு, பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பா பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்குள்ள நாடகம் போட்டது போதும். இனி ஒத்திகையெல்லாம் கோயில்ல வச்சிக்க."

அக்கா பள்ளிக்கூடம் போவது நின்றது. அவள் அழுவாள் என்று காத்திருந்தேன், அழவில்லை. வீட்டு வேலைகளை எப்போதும்போலச் செய்தாள். யார் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொன்னாள். அப்பாவும் தன் முடிவை மாற்றவில்லை.

திருவிழா ஞாயிறு பின்னேரம் நாடகம். கோயில் மண்டபத்தின் முன்வரிசைக் கதிரைகளில் அப்பாவும், கெலிஓயாக்காரர்கள் இரண்டு பேரும். பெண்கள் மறுபக்கம், அம்மாவும் அக்காவும் அங்கே. நான் அப்பாவின் காலடியில் பாயில் உட்கார்ந்திருந்தேன். முதல் காட்சியில் சித்தப்பா பின்னலைச் சுற்றியபோது மண்டபமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

கடைசிக் காட்சி வந்தது. ராஜா கட்டளையிட்டார். கையில் இருந்த விளக்கை இளவரசி சத்தமில்லாமல் கீழே வைத்தாள். ராஜாவை நேராகப் பார்த்தாள். "நான் மாட்டேன் அப்பா" என்றாள். எங்கள் வீட்டில் சோற்றுச் சட்டிக்கு முன்னால் கேட்ட அதே குரல். அதன் பிறகு அவள் கிண்ணத்தை எடுத்துக் குடித்து மேடையில் சரிந்தாள்.

அப்பா சட்டென்று எழுந்து வெளியே போனார். சித்தப்பாவின் நடிப்புப் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்து நானும் பின்னாலேயே ஓடினேன். தூறலில் மண்டபச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா எங்க?" என்று கேட்டார்.

"அம்மா பக்கத்துல."

"கண்ணால பாத்தியா? போய்ப் பாத்துட்டு வா."

ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இருக்கா. கச்சான் கடலை தின்னுக்கிட்டு இருக்கா" என்றேன். அப்பா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் என்னை அனுப்பினார்.

கெலிஓயாக்காரர்கள் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த கிழமையே அக்கா பள்ளிக்கூடம் போனாள். பின்னாளில் அதே மடத்தில் டீச்சராகவும் ஆனாள். சித்தப்பாவோ, அந்தக் காட்சியைத் தன் சொந்த மூளையில் உருவாக்கியதாகச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே செய்தாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது.

அன்று நான் மூன்று தடவை உள்ளே போய்விட்டு வந்தேன். மூன்றாம் தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. செத்தது சித்தப்பா, அப்பா ஏன் அக்காவையே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று.