கீழிருந்து வெட்டிய தாள்

செய்தியைக் கீழிருந்துதான் வெட்ட வேண்டும். நாளிதழில் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லித்தந்த விதி இது. முக்கியமானது மேலே இருக்கும், போகப் போக முக்கியம் குறையும். விளம்பரம் வந்து இடம் சுருங்கினால் கடைசிப் பத்தியை எடுத்துவிடலாம், செய்திக்கு ஒன்றும் ஆகாது. இருபத்தாறு ஆண்டுகள் அப்படி வெட்டினேன். அதில் ஏழு ஆண்டுகள் மருத்துவப் பக்கம். வெட்டியதற்காக ஒரு வாசகர்கூட என்னைக் கேள்வி கேட்டதில்லை. வெட்டியது என்னவென்று அவருக்குத் தெரிய வழியில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய குடியிருப்பு எங்களுடையது. முதல் மாடியில் நான், இரண்டாவது மாடியில் அக்கா. அக்கா தமிழாசிரியை. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எடுக்கிறாள். ஓய்வுபெற அப்போது இரண்டு ஆண்டுகள் இருந்தன. அவளுடைய வகுப்பறை ஜன்னல் சாலையைப் பார்த்தது. பஸ் ஹார்ன், லாரி பிரேக், விமானப்படைத் தளத்திலிருந்து தாழப் பறக்கும் விமானம் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசுவாள். கத்த மாட்டாள். சத்தம் கூடும்போது அவள் குரலைத் தாழ்த்துவாள், வகுப்பு தானாக அடங்கும்.

அந்த அக்காவுக்குத் தைராய்டு சுரப்பி தேவைக்கு மேல் வேலை செய்தது. நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தாள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்தது. கரும்பலகையில் எழுத்து நடுங்கியது. ஒன்றரை ஆண்டு மாத்திரை சாப்பிட்டதில் அடங்கியது. நிறுத்திய சில மாதங்களில் திரும்பி வந்தது. ஒரு நாள் மத்தியானம் காய்கறிப் பையோடு மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தேன். மேலே ஒன்பது படிதான் பாக்கி. ஏற முடியவில்லை.

"என்னடா பாக்கிற? இன்டர்வெல் விட்டிருக்கேன்," என்றாள்.

நான் சிரிக்கவில்லை. அந்தச் சுரப்பியை எடுத்துவிட வேண்டும் என்று அந்தப் படிக்கட்டில்தான் முடிவு செய்தேன். எந்த மருத்துவரையும் கேட்பதற்கு முன்பே.

குரோம்பேட்டை மருத்துவமனையில் நாங்கள் பார்த்த மருத்துவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தார், அக்காவின் கண்களைச் சோதித்தார். பிறகு மூன்று வழிகள் இருப்பதாகச் சொன்னார். மாத்திரையைத் தொடரலாம். கதிரியக்க அயோடின் கேப்சூல் ஒன்றை விழுங்கலாம், அது சுரப்பியை மெல்லச் செயலிழக்க வைக்கும். அல்லது அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாம்.

"எது நல்லது டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் இருக்கு மா. ஒவ்வொண்ணும் நோயை அடக்கும். ஆனா எது திரும்ப வரும், எதுல என்ன தொந்தரவு, எதுக்கு என்ன விலை குடுக்கணும்ங்கிறது வேற வேற. உங்களுக்கு எந்தத் தொந்தரவு பரவாயில்ல, எது ஆகவே ஆகாதுன்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணலாம்."

"முடிவு பண்றதுக்குத்தானே நீங்க இவ்ளோ படிச்சிருக்கீங்க?"

மருத்துவர் சிரித்துவிட்டார். "தைராய்டைப் பத்தி நான் படிச்சிருக்கேன். உங்களைப் பத்திப் படிக்கலையே."

ஒரு தாளைக் கொடுத்தார். இரண்டு பக்கமும் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. மூன்று பத்திகளாக மூன்று சிகிச்சைகள். பின்பக்கத்தின் அடியில் ஒரு படம்: வரிசை வரிசையாகச் சின்ன மனித உருவங்கள், அவற்றில் வெகு சில மட்டும் கறுப்பு.

அக்கா அதை அப்படியே என்னிடம் நீட்டினாள். "இந்த இங்கிலீஷைப் படிச்சா எனக்கு இன்னும் படபடக்கும். நீ பேப்பர்ல இருந்தவன். தமிழ்ல, ஒரே தாள்ல, பெரிய எழுத்தா எழுதிக் குடு."

எங்கள் வீட்டில் இது வழக்கம். வங்கிக் கடிதமோ கோர்ட் நோட்டீஸோ மருந்துச் சீட்டோ, எது வந்தாலும் என் கைக்கு வரும். நான் சொன்னதுதான் செய்தி.

திரும்பும்போது தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினோம். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்த ஓட்டுநர் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார்.

"தைராய்டாம்மா? எங்க வூட்லயும் அதான். ஆப்ரேசன் பண்ணி எடுத்துட்டாங்கோ. இன்னா ஒரு தெம்புன்ற! இப்போ என்னியே திட்டிக்கினு கீது."

"நோய் போச்சு, உங்க நிம்மதியும் போச்சு," என்றாள் அக்கா. ஆட்டோ முழுக்கச் சிரித்தது.

மூன்று சிகிச்சைகளை ஒப்பிட்ட தாள் என் சட்டைப் பையில் இருந்தது. என் மனதில் நின்றதோ முகம் தெரியாத அந்த ஒரு பெண்மணிதான். மருத்துவப் பக்கத்தில் இருந்தபோது, ஒருவர் குணமானதை வைத்து மருந்தைப் புகழக் கூடாது என்று நிருபர்களைக் கண்டித்தவன் நான்.

மறுநாள் காலை உட்கார்ந்து எழுதினேன். நல்ல தமிழ், சின்ன வாக்கியங்கள், மூன்று துணைத்தலைப்புகள். இடம் போதவில்லை. பெரிய எழுத்தில் ஒரே பக்கம் என்றால் சில வரிகள் போயாக வேண்டும். வெட்டினேன். படத்தையும் விட்டுவிட்டேன்.

அக்கா படித்தாள். இரண்டு நாள் கைப்பையில் வைத்திருந்தாள். பிறகு மாடியிலிருந்து இறங்கி வந்து, "ஆபரேஷனே பண்ணிக்கறேன்டா. தெளிவா இருக்கு," என்றாள். மருத்துவமனைக்கு போன் செய்து சொன்னேன். தேதி கொடுத்தார்கள். அதற்கு முந்தைய வாரம் ஒரு முறை வந்து பேசிவிட்டுப் போகும்படி மருத்துவர் கேட்டிருந்தார்.

அந்த அறை எனக்கு இப்போதும் அளவு பிசகாமல் நினைவில் இருக்கிறது. மேஜை, தொண்டையின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று, நின்றுபோன கடிகாரம். அக்கா மருத்துவருக்கு எதிரே, நான் சுவர் ஓரம்.

"நீங்க புரிஞ்சுக்கிட்டதை உங்க வார்த்தையில எனக்குச் சொல்லுங்க மா. பரீட்சை இல்ல. நான் சரியா சொன்னேனான்னு பாக்கத்தான்."

பரீட்சை என்றதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாத்திரை என்றால் நோய் திரும்ப வரலாம். அயோடின் என்றால் குழந்தைகளை விட்டு விலகியிருக்க வேண்டும், வகுப்பில் நிற்கிறவளுக்கு அது சரிப்படாது. அறுவை சிகிச்சை ஒரே தடவையில் முடிந்துவிடும், கழுத்தில் தழும்பு இருக்கும், ஆயுள் முழுக்கத் தினம் ஒரு மாத்திரை. ஒரு சொல் தடுமாறாமல் சொன்னாள். நான் எழுதிய வாக்கியங்கள் அப்படியே வந்தன. சுவரோரம் உட்கார்ந்து பெருமைப்பட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

"வேற?" என்றார் மருத்துவர்.

"அவ்ளோதான்."

"ஆபரேஷன்ல குரலைப் பத்தி?"

அக்கா புரியாமல் பார்த்தாள். "குரலா?"

"குரல் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டித்தான் போகுது மா. ரொம்பச் சிலருக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் குரல் கம்மிப்போகலாம். பெரும்பாலும் சரியாயிடும். சிலருக்கு அப்படியே இருந்துடும். நீங்க டீச்சர். அதான் முதல்ல அதைச் சொல்வீங்கன்னு நெனச்சேன். தாள்ல இருக்கே?"

அக்கா கைப்பையைத் திறந்து என் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். மருத்துவர் மேலிருந்து கீழே படித்தார். பிறகு திருப்பினார். மறுபக்கம் வெள்ளையாக இருந்தது.

"பின்பக்கம் இல்லையா?" என்று கேட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. கை மட்டும் மெதுவாகக் கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

"தேதியைப் பத்திக் கவலைப்படாதீங்க," என்றார் மருத்துவர். "அதை எப்ப வேணா மாத்தலாம். முழுசாப் படிச்சுட்டு வாங்க."

தாம்பரம் வரைக்கும் மின்சார ரயிலில் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. சானடோரியம் நிலையத்தில் வண்டி நின்றபோது, இனி இவள் இப்படியே இருந்துவிட்டால் என்று ஒரு கணம் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் மருத்துவர் தந்த ஆங்கில மூலத்தையும் என் தாளையும் அருகருகே வைத்து, பிழை திருத்துகிறவன்போல வரி வரியாக விரல் வைத்துப் படித்தேன். குரல் பற்றிய வரி பின்பக்கத்தின் கடைசிப் பத்தியில் இருந்தது. அபூர்வமானது, அதனால் அடியில், அதனால் வெட்டு. அந்த ஒன்றோடு நின்றிருந்தால் பழக்கதோஷம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

அயோடின் எடுத்தவர் குழந்தைகளிடமிருந்து சில நாட்கள் விலகியிருக்க வேண்டும் என்றது மூலம். என் தாளில் 'சில நாட்கள்' இல்லை. இரண்டே சொற்கள். மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்ப வரலாம், வந்தால் குறைந்த அளவில் நீண்ட காலம் தொடரவும் வழி உண்டு என்றது மூலம். என் வாக்கியம் 'திரும்ப வரலாம்' என்பதோடு முடிந்திருந்தது. முற்றுப்புள்ளியை நன்றாக அழுத்தி வைத்திருந்தேன்.

மூன்று வெட்டுகள், மூன்றும் ஒரே பக்கம், அறுவை சிகிச்சையின் பக்கம், சாய்ந்திருந்தன. இடத்துக்காக வெட்டியிருந்தால் ஏதாவது ஒன்றாவது எதிர்ப்பக்கம் போயிருக்க வேண்டும். நான் எழுதியதில் ஒரு பொய்கூட இல்லை. இருபத்தாறு ஆண்டுகளில் நான் எழுதிய மிகத் தெளிவான தாள்களில் அது ஒன்று. அதை இன்னொரு முறை படித்தேன். அந்தக் கையெழுத்து வேறு யாருடையதோபோல இருந்தது.

குரல் விஷயம் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மற்ற இரண்டும் தெரியாது. புதிதாக முழுத் தாள் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு அவற்றைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடலாம். அந்த யோசனையும் வந்தது. மாடிக்குப் போனேன். அவள் ஏழாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். மூன்றையும் சொன்னேன். படிக்கட்டில் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த நாளையும் சொன்னேன்.

சிவப்புப் பேனாவை மூடினாள்.

"குரல் போனாப் போகட்டும்னு நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன்டா. நீ யாரு அதைச் சொல்ல?"

"பயந்துட்டேன் அக்கா."

"எனக்குப் பயமில்லையா? உடம்பு யாரோடது?" குரல் உயரவில்லை. தாழ்ந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனைப்போல அடங்கினேன். "வாக்கியத்தைப் பாதியில விட்டா நான் மார்க் குடுக்க மாட்டேன். போய் முழுசா எழுதிட்டு வா. எத்தனை பக்கம் ஆனாலும் சரி."

நான்கு பக்கம் வந்தது. படத்தையும் ஒட்டினேன். மறுநாள் மாலை, அவள் எதிரில் உட்கார்ந்து நான் சத்தமாகப் படிக்க வேண்டும் என்றாள். படித்தேன். விமானம் ஒன்று தாழப் போனபோது நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்தற? கேக்குது, படி."

கடைசி வரி வரை படித்தேன். மாத்திரையைத் தொடர்கிறவருக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்தத்தைச் சோதிக்க வேண்டும், அபூர்வமாக வெள்ளை அணுக்கள் குறையலாம் என்பது அந்த வரி. அதுவும் என் முதல் தாளில் இல்லை; அன்று ஒப்பிட்டபோது தப்பிய அது, முழுசாக எழுதும்போதுதான் என் கண்ணில் பட்டது. மாத்திரைக்கு எதிரான வரி அது. நான் வெட்டியதில் எதிர்ப்பக்கம் சாய்ந்தது அந்த ஒன்றுதான். என் கணக்கில் நான்காவது வெட்டாக அதைச் சேர்த்தேன். நிம்மதியாக இல்லை.

அக்கா படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குரல் கெட்டவர்களைக் குறிக்கும் கறுப்பு உருவம் ஒன்றின்மேல் விரலை வைத்தாள்.

"இது டீச்சரா இருக்குமோ?"

"தெரியாது அக்கா. அது யாராவும் இருக்கலாம்."

"டீச்சரா இருந்தா அந்தப் பொம்மை ரொம்பப் பெருசுடா," என்றாள்.

அடுத்த வாரம் மருத்துவரிடம் போனோம். அக்கா நான்கு பக்கத்தையும் எடுத்துச் சென்றிருந்தாள். ஓரங்களில் சிவப்பு மையில் கோடுகள்.

"ரெண்டு வருஷம் எனக்கு இந்தக் குரல் முழுசா வேணும் டாக்டர். அதுவரைக்கும் கம்மி டோஸ் மாத்திரை. ரத்தம் எப்பப்ப பாக்கணுமோ பாக்கறேன். தொண்டை வலி, காய்ச்சல் வந்தா அன்னிக்கே ஓடி வருவேன். பசங்க நடுவுல இருக்கேன், அடிக்கடி வரும்னு தெரியும். ரிட்டயர் ஆனதும் அயோடினைப் பத்திப் பேசலாம்."

மருத்துவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். இதயத்துடிப்பு அடங்காவிட்டால் முன்னதாகவே மறுபடி பேச வேண்டியிருக்கும் என்றார். அக்கா சரி என்றாள். அறுவை சிகிச்சைத் தேதியை மருத்துவர் அடித்துவிட்டார். பிறகு, மரியாதைக்காகத்தான் இருக்க வேண்டும், என் பக்கம் திரும்பினார்.

"தம்பி என்ன சொல்றார்?"

"அவன் சொல்றதெல்லாம் முன்னாடியே எழுதிட்டான் டாக்டர்," என்றாள் அக்கா.

அறைக்கு வெளியே வந்ததும் நான்கு பக்கத்தையும் மடித்துக் கைப்பையில் வைத்து, மருந்துச் சீட்டை மட்டும் எடுத்தாள். பழக்கத்தில் நான் கையை நீட்டினேன். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து, மருந்தின் ஆங்கிலப் பெயரை எழுத்துக் கூட்டி, வாய்விட்டு இரண்டு முறை படித்தாள். மருந்துக் கடை வரிசையில் அவளே போய் நின்றாள்.