இரண்டு கோல் மட்டும் அடித்த எங்கள் அப்பா

எங்கள் அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்திருக்கும் உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். இந்த நினைவு மலர்க் கட்டுரையைச் சாந்தமாக எழுதும்படி அம்மா கேட்டுக்கொண்டார். முயன்று பார்த்தேன், முடியவில்லை.

அப்பா பருத்தித்துறையில் பிறந்தார். புலமைப்பரிசில் பெற்றுச் சோவியத் நாட்டுக்குப் பொறியியல் படிக்கப் போனவர், அங்கே உழவு இயந்திரத் தொழிற்சாலையொன்றின் உதைபந்தாட்ட அணியில் ஐந்து வருடங்கள் நடுக்கள வீரராக ஆடினார். எதிரணிக்குள் எங்கே இடைவெளி திறக்கும் என்று முன்கூட்டியே கண்டு, பந்தை அங்கே அனுப்புவதுதான் அவர் வேலை. கோல் அடிப்பது மற்றவர் வேலை. அப்பா அடித்தவை இரண்டே கோல்கள். முழங்கால் உடைந்ததோடு ஆட்டம் முடிந்தது. ஊரில் போர் நடந்ததால் நோர்வேக்கு வந்தார்.

ஒஸ்லோவில் பஸ் ஓட்டினார். வேலை முடிந்த கையோடு எல்லிங்ஸ்ருட் மைதானத்துக்குப் போய், எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகப் பிள்ளைகளுக்குப் பதினான்கு வருடங்கள் பயிற்சி கொடுத்தார். மழையென்றும் பனியென்றும் ஒருநாள்கூட நின்றதில்லை.

கழகத் தலைவர் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, எனக்குச் சித்தப்பா. அவரை நோர்வேக்குக் கூப்பிட்டு, புருசெத்தில் எங்கள் வீட்டிலேயே இரண்டு வருடம் வைத்திருந்தவர் அப்பா. சித்தப்பாவின் மகன் யாருக்கும் பந்து கொடுக்கமாட்டான். ஓர் இறுதியாட்டத்தில் அப்பா அவனை இறக்கவில்லை. அந்தக் கோடை விளையாட்டு விழாவில் சித்தப்பா ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அண்ணை, சோவியத்திலை எத்தினை கோல் அடிச்சனீங்கள்?"

"ரெண்டு" என்றார் அப்பா. பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"அஞ்சு வருசத்திலை ரெண்டு. அங்கை விளையாடினவரோ, தண்ணி வாளி தூக்கினவரோ, ஆருக்குத் தெரியும்?"

மைதானமே சிரித்தது. உங்களில் பலரும் சிரித்தீர்கள். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அடுத்த வாரமே வேறு பயிற்சியாளர் வந்தார். அதன்பின் கலியாண வீடுகளில்கூட அப்பாவுக்கு "வாளி" என்பதுதான் பெயர். அவர் மைதானப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

அப்பா நோயில் விழுந்த பிறகு, அவரோடு ஆடிய முன்கள வீரரைத் தேடிப் பிடித்தேன். அந்த முதியவர் அணியின் படத்தையும் ஒரு கடிதத்தையும் அனுப்பினார். "என் கோல்களில் பாதிக்குமேல் இவன் கொடுத்த பந்துகள். அடித்த என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், கொடுத்தவனை யாரும் பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தார். அப்பா அதை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"சித்தப்பாவைச் செத்தவீட்டுக்கு வரவேண்டாம் எண்டு சொல்லட்டோ அப்பா?" என்று கேட்டேன்.

"வரட்டும். நினைவு மலர் அடிப்பாய்தானே. சபையிலை அவனைக்கொண்டே வாசிப்பி."

சித்தப்பா அஞ்சலிச் செய்தியும் அனுப்பியிருந்தார், கோட் போட்ட படத்தோடு. அதில் அப்பா "சோவியத் மண்ணை ஆண்ட உதைபந்தாட்ட வேந்தர்" ஆகிவிட்டார். அதை நாங்கள் பிரசுரிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் முதியவரின் கடிதம் இருக்கிறது.

கடைசிவரை அப்பாவைப் பராமரித்த தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்து தந்த அயலவருக்கும், கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமலே இந்தக் கட்டுரையைச் சபையில் வாசிக்கச் சம்மதித்த சித்தப்பாவுக்குத் தனியாக நன்றி. சித்தப்பா, இடையில் நிறுத்திவிட்டீர்களென்றாலும் பரவாயில்லை. எல்லோர் கையிலும் ஒரு பிரதி இருக்கிறது.