வாளிக்குள் இரண்டு செருப்புத் துண்டுகள்

மன்னார்த் தீவில் எங்கள் கரையில், ஆட்கள் நின்று கரைக்கு இழுக்கிற கரவலைகள் இரண்டு. ஒன்று அப்பாவுடையது, மற்றதற்குச் சொந்தக்காரர் இன்னொரு சம்மாட்டி. முதலில் வளைக்கிற வலைக்கு மீன், பிறகு வளைக்கிற வலைக்குப் பெரும்பாலும் சொறிமுட்டை என்கிற ஜெல்லிமீன்தான். யார் முதல் என்பதை விடியலில் ஒரு வாளித் தண்ணீர்தான் தீர்மானிக்கும். கரையொதுங்கிய ரப்பர் செருப்புகளில் வெட்டிய இரண்டு சின்னத் துண்டுகளை நடுவில் விடுவார்கள். நீலம் எங்களுடையது, சிவப்பு அவர்களுடையது. விளிம்பை முதலில் தொடுகிற துண்டின் வலை முதலில் இறங்கும்.

பல்கலைக்கழக விடுமுறைக்கு நான் வந்திருந்த கிழமை, ஒவ்வொரு நாளும் சிவப்புதான் வென்றது. நீலம் தூங்கி வழிய, அது எஞ்சின் பூட்டிய போட் மாதிரி ஓடியது.

"மாதாவுக்கு எங்களில என்ன கோவமோ தெரியேல்லை," என்றார் அப்பா. இப்படியே போனால் வலை இழுக்கிற ஆட்கள் மற்றப் பக்கம் மாறிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு.

எல்லோரும் வலைப் பக்கம் போனதும், வாளியில் கிடந்த சிவப்பை எடுத்துப் பார்த்தேன். சிவப்பின் பின்பக்கத்தில் ஒரு வெட்டு, அதற்குள் வெள்ளையாக ஏதோ. மோந்து பார்த்தேன். சவுக்காரம்! தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போன்றது. சவுக்காரம் கரைந்து பின்னால் தோல் தளர்ந்தால், முன்னால் இருப்பது துண்டை இழுத்துக்கொண்டு போகும்.

அப்பாவிடம் சொன்னால் கைகலப்பாகும். அதனால் மறுநாள், "வாளியை நான் கழுவிக்கொண்டு வாறன்," என்றேன்.

"படிச்ச பிள்ளைக்கு இண்டைக்கு என்ன வந்தது?" என்று வலைக்காரர்கள் சிரித்தார்கள்.

கிணற்றடியில் வாளியைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்து, அலசாமலே நிரப்பி, நுரையை மட்டும் வழித்தெறிந்தேன். தோல் முழுவதும் தளர்ந்தாயிற்று. இனிச் சிவப்பை இழுக்க ஒன்றுமில்லை.

துண்டுகளை விட்டதும் சிவப்பு அசையவில்லை. மற்றச் சம்மாட்டி வாளியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏன் நிக்குது?"

"அதுக்கும் களைப்பிருக்கும்தானே, மாமா," என்றேன்.

பிறகு இரண்டும் மெல்ல நெருங்கி ஒட்டிக்கொண்டன. மிதக்கிற சின்னப் பொருட்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஒன்றின் ஓரத்தில் வளைகிற தண்ணீர் மற்றதை அழைத்துவிடும். இதை நான் யோசிக்கவில்லை. ஒட்டியபடியே போய் இரண்டும் விளிம்பைத் தொட்டன.

"இதென்ன, கலியாணமே?" என்றார் அப்பா.

மீன் கூட்டம் வந்த இடத்தில் கடற்குருவிகள் இறங்கத் தொடங்கியிருந்தன. சண்டை பிடிக்க நேரமில்லை. ஒரே வலை, கயிற்றில் இரண்டு பக்கத்து ஆட்களும், மீன் பாதிப்பாதி என்று முடிவாயிற்று.

கயிறு இழுக்கும்போது சம்மாட்டி என் காதருகில் வந்தார். "தம்பி, வாளித் தண்ணி சவுக்காரம் மணக்குது."

"ஓம் மாமா. எங்கயிருந்து வந்திருக்கும் எண்டு நினைக்கிறியள்?"

அவர் சட்டென்று கயிற்றை இறுக்கிப் பிடித்து, எல்லோருக்கும் கேட்க, "இழுங்கோடா, இழுங்கோ!" என்று கத்தினார்.