நந்திதுர்க்கில் உறைந்த ஏரி

அந்த டிசம்பரில் மாரிகுப்பத்துக் குளிர் எப்படி இருந்தது என்றால், உறைந்துபோன தேங்காய் எண்ணெயை ஆண்கள் டிபன் பையில் வைத்துத் தங்கச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய், அடி லெவல் பாறைச் சூட்டில் உருக்கிக்கொண்டு வந்தார்கள். இதை நம்பாதவர்கள் அந்த மாதம் முழுக்க வறண்ட தலையோடு திரிந்தார்கள்.

ஸ்டுடியோக்காரர் கொர்னேலியஸுக்குத் தலையில் முடியே இல்லை. அவர் கவலை வேறு. ஊரின் கல்யாணம், ஞானஸ்நானம், சவப்பெட்டியைச் சுற்றி நிற்கும் குடும்பம் எல்லாம் அவர் கேமராவில்தான். சபைக் காலண்டரில் மட்டும் வருஷா வருஷம் சுவிட்சர்லாந்து ஏரி. "நம்ம ஊர்ல இல்லாத ஐஸா? நான் எடுத்தாரேன்" என்று கமிட்டியில் வாயை விட்டுவிட்டார். செயலாளர் ஆர்தர் சிரித்ததில் பல்செட் கழன்று மடியில் விழுந்தது. ஞாயிறு ஆராதனைக்குள் படம் வராவிட்டால் மறுபடியும் சுவிட்சர்லாந்துதான்.

பக்கத்து நந்திதுர்க் சுரங்கத்தில், சயனைடால் தங்கம் பிரித்து மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டியே வளர்ந்த மலை ஒன்று உண்டு. சயனைடு மேடு என்பார்கள். அதன் அடியில் தேங்கிய குட்டையில், மழை நின்றதும் ஐஸ் மாதிரி வெள்ளையாக உப்பு ஏடு படியும். சனிக்கிழமை விடிகாலையில் மனைவி ஃப்ளோராவோடு போய் அங்கே ஸ்டாண்டை நட்டார். மூடுபனி மேட்டையே விழுங்கியிருந்தது. அது விலகும்வரை பக்கத்து ஓடையை எடுத்துக்கொண்டிருந்தார். ஒருவழியாகப் பனி விலகியதும், முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் கேமராவைக் கண்டு, மஃப்ளரைச் சரிசெய்து, குட்டைக்கு முன்னால் வரிசைகட்டி நின்றுவிட்டார்கள்.

"நவுருங்கப்பா! ஏரி தெரியல!"

"ஏரி எங்கண்ணே ஓடிப்போவுது? எங்கள எடு, லேட்டாவுது."

"ஒன்னு எடுத்து அனுப்புங்களேன்" என்றாள் ஃப்ளோரா.

"ரீல்ல ஒன்னே ஒன்னுதான் கீது!"

"மீதியெல்லாம் ஓடைக்கே தீத்தீங்களா? அது இன்னா, கல்யாணப் பொண்ணா?"

கொர்னேலியஸ் பல்லைக் கடித்துக்கொண்டு லென்ஸ் மூடியைக் கழற்றாமலே குனிந்தார். நாக்கால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவர்கள் திருப்தியாகப் போனார்கள்.

மூடியைக் கழற்றிய நேரம் தரை தூக்கிப் போட்டது. கீழே எங்கோ ஏர் பிளாஸ்ட், பாறை வெடித்திருக்கிறது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் சைரனுக்குக் காது கொடுத்தார்கள். ஊதவில்லை. யாருக்கும் ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தால், குட்டையின் ஏடு குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, நிஜ ஐஸையே தோற்கடித்துக்கொண்டிருந்தது. அழுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்தர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எந்தப் பொஸ்தகத்துலேந்து எடுத்தே?"

"நந்திதுர்க்குங்க! சயனைடு மேட்டாண்ட!"

"கோயில்ல நின்னுக்கினு பொய் சொல்லாதே கொர்னேலியஸ்."

கமிட்டி படத்தை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. அடியில் 'நந்திதுர்க்' என்று போடத்தான் ஒரு கைகூட எழவில்லை. சுவிட்சர்லாந்து என்றே இருக்கட்டும், பழகின பேர் என்றார்கள்.

"அப்போ என் படத்தக் குடுங்க!" கொர்னேலியஸ் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்.

ஆர்தர் மறுமுனையை விடவில்லை. "உடுய்யா, கிழிஞ்சிடப் போவுது! இத்தினி வருஷத்துல இந்த சுவிட்சர்லாந்துதான் ஷோக்காக்கீது!"