தோற்றவர்கள் போட்ட மண்

ஈரச் சாக்கும் குதிரை வியர்வையும் கலந்த ஒரு வாசனை... எங்கள் ஊர் ஏரிப் பந்தயம் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அதுதான்.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. பங்குனியில் மாரியம்மன் நோம்பி முடிந்த மறுநாள், வற்றிய ஏரிக்குள் குதிரைகள் ஓடும். கரையடியில் கிளம்பினால் எதிர்ப்பக்க வேலமரம் வரை ஒரே மூச்சு. தூசி விழுந்த கண்ணைக் கசக்குவதற்குள் முடிந்துவிடும்.

அப்பாவின் தாத்தா சூரமங்கலம் ஸ்டேஷனில் ஜட்கா வண்டி ஓட்டியவர். அவரும் கூட்டாளிகளும் ஆரம்பித்த பந்தயம் இது. ஒரே குதிரை திரும்பத் திரும்ப ஜெயித்ததால் மற்றவர்கள் வர மாட்டோம் என்றார்களாம். அதற்காக வந்தது அந்த வழக்கம்.

தோற்ற வீட்டுக்காரர்கள், குழந்தைகள் உட்பட, ஆளுக்கு ஒரு பிடி ஏரி மண் அள்ளி ஜெயித்தவரின் சாக்கில் போட வேண்டும். அடுத்த வருடம் அந்தக் குதிரை அதைச் சுமந்து ஓட வேண்டும். மறுபடி ஜெயித்தால் மண் மேலும் சேரும். தோற்றால் அங்கேயே கொட்டிவிடலாம்.

அந்த வருடம் ஜெயித்தவர் மல்லசமுத்திரத்து மாமா. எங்கள் செவலை அப்போது இளங்குதிரை, கடைசியாக வந்தது. நான் அழுதுகொண்டே மண் போடப் போனேன்.

"ஏஞ்சாமி அழுவற? உங்கையி சின்னது, ரெண்டு புடி போட்டுக்க. அடுத்த வருசம் உங்க செவலைதான்" என்று மாமாவே சாக்கை விரித்துப் பிடித்தார்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்...

மாமா சொன்னபடியே ஆனது. செவலை ஜெயித்தது. அதன் பிறகு தோற்கவே இல்லை.

மாமா இப்போது இல்லை. குதிரைகளும் குறைந்துவிட்டன. போன வருடம் அவர் மகன் இரண்டு கையாலும் வாரி வாரிப் போட்டார்.

"ஏனுங்க, இதா ஒரு புடி?" என்று அம்மா கேட்டாள்.

"எங்கையிக்கு இதான் புடிங்க. வெயிட்டு தாங்கலீன்னா, காலு நோவுதுன்னு ஊட்லயே கட்டிப்போடுங்க. யாரு வேண்டாங்கறா?"

சுற்றி இருந்தவர்கள் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார்.

தோழிகளே, நாளைக்குப் பந்தயம். செவலையின் முன்னங்கால் நிஜமாகவே வீங்கியிருக்கிறது.

ஓடினால் எலும்பு உடையும், உடைந்தால் அது பிழைக்காது என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். இது வெளியே போகக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. போர்வைக்குள் போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, நம் குழுவில் உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் விரல் நின்றுவிடுகிறது.

சாயங்காலம் கேட்டுப் பார்த்தேன். "நாளைக்கு வேண்டாங்கப்பா. காலு வீங்கியிருக்குதுன்னு சொல்லிரலாங்கப்பா."

"சொன்னா அவன் பேசுனது நெசமாயிருஞ் சாமி."

"அப்ப ஒருக்கா தோத்தாவது போயிருங்கப்பா. மெதுவா ஓட்டுங்க. மண்ணக் கொட்டிட்டு வந்தரலாம்."

அப்பா செவலையின் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தார். 

"நான் இழுத்துப் புடிச்சாலும் அது நிக்காது கண்ணு. அதுக்குத் தோக்கத் தெரியாது."

அந்தச் சாக்கு எங்கள் வீட்டிலேயேதான் இருக்கிறது, உத்திரத்தில் கட்டித் தொங்குகிறது. ஜெயித்தவர் வீட்டில்தான் வருடம் முழுக்க இருக்கும். யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை... இதுவரை யாரும் அதில் கை வைத்ததில்லை என்பதால்.

எல்லோரும் படுத்த பிறகு ஸ்டூல் போட்டு ஏறினேன். முடிச்சைத் தொட்டேன். கொஞ்சம் எடுத்தால் போதும், கால் தாங்கிவிடும் என்று தோன்றியது.

"எறங்கு" என்றது இருட்டில் அம்மாவின் குரல். தூங்கவில்லை அவள். "உங்கப்பா முன்னாடியே வந்து சாக்கப் பாத்துட்டாரு. அவரே தொடாம போயிப் படுத்துட்டாரு."

இறங்கிவிட்டேன்.

அன்று மாமா என்னை இரண்டு பிடி போட விட்டார். மண் எவ்வளவு லேசாக இருந்தது! இன்று அதிலிருந்து ஒரு பிடி எடுக்க முடியவில்லை. கொட்டகையில் செவலை கால் மாற்றி மாற்றி நிற்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது...