ஓகூஸுக்கு ஒரு கிரேக்கரைப் பிடிக்கப் போன கதை

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை ஓகூஸுக்குப் போனோம். காரணம் ஒன்றுதான்: எங்கள் அணிக்கு ஒரு பயிற்சியாளர் வேண்டும். டென்மார்க்கில் விபோர்க் என்ற ஊரில் நாங்கள் எட்டுத் தமிழ்ப் பெண்கள், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், கூடைப்பந்து விளையாடுகிறோம். பயிற்சியாளர் இல்லாவிட்டால் தை மாதத்தோடு நீங்கள் விளையாடும் மண்டபத்தை வேறு அணிக்குக் கொடுத்துவிடுவோம் என்று விளையாட்டுக் கழகத்தில் சொல்லிவிட்டார்கள். விடுவேனா நான்?

தோழி சாந்திதான் மானோலிஸைக் கண்டுபிடித்தாள். கிரீஸில் பதினேழு வயதில் தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டக்காரராகி, இத்தாலி, போலந்து என்று அணி அணியாக விளையாடி, கடைசியில் டென்மார்க் வந்தவர். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதில் அவரை அடிக்க ஆளில்லையாம். பிறகு இரண்டு முழங்காலும் போய், ஓய்வு பெற்றுவிட்டார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஓகூஸில் யார் வந்தாலும் பயிற்சி கொடுக்கிறார். கட்டணம் இல்லை.

விபோர்க்கிலிருந்து நேர் ரயில், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. சாந்தி கொண்டுவந்த கட்லிஸ் ரயில் பெட்டி முழுக்க மணத்தது. எதிரே இருந்த டெனிஷ்காரருக்கு ஒன்று கொடுத்தாள். இரண்டாவதை அவரே கேட்டு வாங்கினார்.

ஓகூஸ் மண்டபத்தில் எங்களை அங்குள்ள பெண்களோடு மோதவிட்டார் மானோலிஸ். மானம் போச்சு! நாங்கள் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் வலைப்பந்து ஆடி வளர்ந்தவர்கள். அதில் பந்தைப் பிடித்தால் ஓடக்கூடாது, நின்று எறிய வேண்டும். பதற்றத்தில் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. பந்து கைக்கு வந்ததும் ஆளாளுக்கு நட்டமரமாக நின்றோம். எதிரணி வந்து பறித்துக்கொண்டு போனது.

"ஏனடி நிக்கிறாய், ஓடு!" என்று கத்தினேன்.

"நீ மட்டும் ஓடினனியோ?" என்றாள் சாந்தி.

மானோலிஸ் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். அவர் டெனிஷில் கேட்டதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்: "ஏன் ஒருத்தரும் பந்தோட ஓடயில்லை?"

முகம் எரிய எரிய வலைப்பந்தைப் பற்றிச் சொன்னேன். இந்த மனுசன் இனி எங்கே வரப்போகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சும்மா திரும்புவதா? "நீங்களே பாருங்கோ" என்று சொல்லி, பாதி மைதானத்தில் எங்கள் பள்ளிக்கூட ஆட்டத்தை ஆடிக் காட்டினோம். பந்து நிலத்தில் படவேயில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், விசிலைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு உள்ளே வந்தார். சாந்தி எறிந்தாள். பிடித்தார், நின்றார், எறிந்தார். ஓடத் தேவையில்லையே! கூடைக்குள் ஒன்று போட்டதும் சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளப் பார்த்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீங்களும் போவதானால் மண்டபத்துக்குள்ளே காலில் போடத் தனிச் சப்பாத்து கொண்டுபோங்கள். வெளியில் போட்டதோடு விடமாட்டார்கள். சனி, ஞாயிறுகளில் ரயில் பாதை வேலை நடக்கலாம், முதல்நாளே பார்த்துவிடுங்கள். முக்கியமாக, கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பாதீர்கள்.

அன்று மண்டபத்திலிருந்து வெளிக்கிடும்போது நான் நேரடியாகவே கேட்டேன்: "எங்களைப் பழக்க விபோர்க்குக்கு வருவியளோ?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"வாறன்," என்றார். "ஆனால் ஒண்டு. என்னை ஓரத்து வாங்கில சும்மா இருத்தி வைக்கக்கூடாது, நானும் ஆடோணும்."